குணமானவர் எண் முப்பத்தேழு

சங்கிலிபூதத்தானுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று முதலில் தெரிந்தது நர்ஸ் சாலோமிக்கு. அடுத்தபடியாக மருந்தகத்துப் பதிவேட்டுக்குத் தெரிந்தது. மூன்றாவதாகத்தான் சங்கிலிபூதத்தானுக்குத் தெரிந்தது. அவர் நம்பவில்லை.

நாற்பத்தெட்டு வயது அவருக்கு. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வேலை. எட்டு மணி நேரமும் நடந்துகொண்டே, ஓடுகிற மிஷினில் அறுந்துபோன இழைகளை ஒட்ட வேண்டும். உடம்புக்கு என்று அவர் படுத்தது வாழ்நாளில் இரண்டே தடவை. அம்மை போட்டபோது ஒன்று. மைத்துனன் கல்யாணத்தில் பாயசம் கூடிப்போய் இன்னொன்று. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆனி மாதம், தொழிலாளர்களை ஷிப்டு ஷிப்டாகத் தொழிலாளர் நல மருந்தகத்துக்கு வரச்சொல்லிப் பரிசோதித்தார்கள். சாலோமி அவர் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கிப் பாதரசத்தை ஏற்றி இறக்கினார். மறுபடியும் ஏற்றி இறக்கினார்.

"அண்ணாச்சி, தலை சுத்துதா?"

"இல்லையே."

"நெஞ்சு படபடன்னு வருதா? கண்ணு இருட்டுதா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். பசிக்குது, அவ்வளவுதான்."

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப்பத்து இருக்கு. இது ஒண்ணுமே செய்யாம கமுக்கமா இருந்துட்டு, ஒரு நாளு மொத்தமாச் செய்யுத சீக்கு. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்."

மாத்திரை வேண்டுமென்றால் பெயர் பதிய வேண்டும். பெயர் பதிகிறவர் காம்பவுண்டர் சிவசைலம். மாத்திரை கொடுப்பவரும் அவர்தான், கொடுக்காமல் இருப்பவரும் அவர்தான். படிவத்தில் பெயர், தகப்பனார் பெயர், மில் எண் எல்லாம் எழுதியவர், 'அறிகுறி' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னவே செய்யுது உமக்கு?"

"ஒண்ணும் செய்யல சார்."

"ஒண்ணும் செய்யாத ஆளுக்குச் சீக்கு எழுத முடியாதுவே. கட்டம் காலியா இருந்தா தணிக்கைல கேப்பான். ஏதாவது ஒண்ணு சொல்லும்."

சங்கிலிபூதத்தான் பொய் சொல்லிப் பழகாதவர். நிரம்ப நேரம் யோசித்துப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள், "தலைசுத்துன்னு சொல்லும்", "பிடரி வலின்னு சொல்லும்" என்று ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் சிவசைலமே இரக்கப்பட்டுத் 'தலைசுற்று' என்று எழுதினார். கையெழுத்துப் போடும்போது சங்கிலிபூதத்தானுக்கு நிஜமாகவே லேசாகத் தலை சுற்றியது.

மாதத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்க்க வர வேண்டும். பிரஷர் பார்க்கிற அறை மாடியில் இருந்தது. நாற்பத்திரண்டு படி ஏறி வருகிற எவனுக்கும் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும். பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷமாவது உட்கார வைக்க வேண்டும் என்று சாலோமி தலைமை மருத்துவருக்கு எழுதிக் கேட்டிருந்தார். தலைமை மருத்துவர் பஞ்சாபகேசன் அதை உடனே ஏற்று உத்தரவு போட்டார். அன்றுமுதல் நோயாளிகள் கீழே கவுண்டருக்கு எதிரில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, 'ஓய்வெடுத்தார்' என்று சிவசைலத்திடம் முத்திரை வாங்கிக்கொண்டு, நாற்பத்திரண்டு படி ஏறினார்கள். சாலோமி மாடி அறை வாசலில் காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, வருகிறவர்களை அதில் உட்கார வைத்தார்.

காலையில் அட்டனலால் ஒன்று, நீர் பிரிகிற மாத்திரை பாதி. சங்கிலிபூதத்தான் ஒரு நாள் தவறாமல் விழுங்கினார். அவர் மனைவி முத்துராணி வீட்டில் பீடி சுற்றுகிறவள். கணக்கில் கெட்டி, வாயிலும் கெட்டி. உப்பைக் குறைக்க வேண்டும் என்று சாலோமி சொன்ன அன்றைக்கே கருவாட்டுப் பானையைத் தன் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஊறுகாய் ஜாடி பரண் ஏறியது. எட்டு மாதத்தில் நூற்றித் தொண்ணூறு, நூற்றி முப்பதுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாசி மாதம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நடப்பு ஆண்டு 'ரத்தக் கொதிப்பு ஒழிப்பு ஆண்டு'. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒவ்வொரு மருந்தகமும் நூறு பேரைக் குணப்படுத்தியிருக்க வேண்டும். ஆண்டு முடிய ஐந்து வாரம் இருந்தது.

டாக்டர் பஞ்சாபகேசன் நோயாளிகளையும் ஊழியர்களையும் முற்றத்தில் கூட்டிப் பேசினார். ஒல்லியான மனிதர்; பேச ஆரம்பித்தால் கனமாகிவிடுவார்.

"அம்மையை ஒழித்தோம். நரம்புச் சிலந்தியை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். கேவலம், கொதிப்பு எம்மாத்திரம்? கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி வைத்தால் ஆறிவிடும். இது அடுப்படியில் நிற்கிற பெண்களுக்குத் தெரியும். மருத்துவர்களாகிய எங்களுக்கு இதுவரை தெரியாமல் போயிற்று. இனிமேல் தெரியும். தொடர்ந்து மூன்று தடவை நூற்றி நாற்பதுக்குக் கீழே எவருக்கு இருக்கிறதோ, அவர் குணமானவர். குணமானவருக்கு மாத்திரை கிடையாது."

கைதட்டல் அடங்கியதும் சாலோமி எழுந்தார்.

"சார், மாத்திரை போடுததுனாலதான் குறைஞ்சிருக்கு. நிறுத்தினா திரும்ப ஏறிரும்."

"மாத்திரையால் குறைந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம் சிஸ்டர்? மாத்திரை தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். முடிந்த வேலைக்கு மறுபடி ஆள் போடுவார்களா?"

"இந்த மாத்திரைய நெனச்ச மாதிரி சடக்குனு நிறுத்தக்கூடாது சார். முன்னால இருந்ததவிடக் கூட ஏறும். நெஞ்சுவலிகூட வரும். பாபநாசம் அணையில தண்ணிய மறிச்சு வச்சதுனாலதான் கீழ வெள்ளமில்ல. வெள்ளம்தான் இல்லையேன்னு அணைய இடிச்சா என்னாகும்?"

"அணை பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது. அதை இங்கே பேச வேண்டாம்" என்றார் டாக்டர்.

மார்ச் பதினாறாம் தேதி சங்கிலிபூதத்தான் குணமானார். அவருடைய எண் முப்பத்தேழு. பச்சை எல்லை போட்ட கெட்டித் தாளில், 'மேற்படியார் ரத்தக் கொதிப்பிலிருந்து முழுமையாக விடுபட்டார்' என்று அச்சடித்து, டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். மருந்தகத்தின் வெளிச்சுவரில் குணமானவர்கள் பெயரை வரிசையாக எழுதினார்கள். 'சங்கிலி' ஒரு வரியிலும் 'பூதத்தான்' அடுத்த வரியிலும் வந்ததால் அவர் மட்டும் இரண்டு பேராகத் தெரிந்தார்.

படியிறங்கி வந்தவரைச் சாலோமி வழிமறித்து, ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தார்.

"அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்துல மருந்துக்கடையில இதக் காட்டி வாங்கிப் போடுங்க. ஒரு நாளும் விட்டுராதீங்க."

வீட்டில் முத்துராணியும் அதையேதான் சொன்னாள். "எடுத்துட்டு வாங்க சீட்ட. நானே போயி வாங்கிட்டு வாரேன்."

"ஏட்டி, டாக்டரய்யா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காரு. அதுக்கு மேல நாம மாத்திர வாங்கித் தின்னா, அவரு பொய் சொன்னமாதிரி ஆயிராதா?"

"அவரு மெய் சொன்னாரான்னு உங்க ஒடம்புல்லா சொல்லணும்."

"அவரு படிச்ச ஆளு. ஒடம்பு என்னத்தப் படிச்சுது?"

அன்றைக்கு அவரே போய் முத்துராணியின் அக்காள் வீட்டிலிருந்து கருவாட்டுப் பானையைத் திரும்ப வாங்கிவந்தார்.

நாலாம் நாள் காலையில் பிடரி கனத்தது. படுத்திருக்கும்போதே, வேகமாகச் சைக்கிள் மிதித்தவர் மாதிரி நெஞ்சு அடித்தது. முத்துராணி அவரை மருந்தகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சிவசைலம் முதலில் சிரித்துப் பேசினார். நெஞ்சு அடிக்கிறது என்றதும் முகம் சுண்டிவிட்டது.

"நீரு குணமான ஆளுல்லா? பச்சைப் பதிவேட்டுல ஏறியாச்சு. அதுல ஏறுத வழிதான் இருக்கு, இறங்குத வழி இல்ல."

"சீக்கு திரும்ப வந்திருச்சுன்னு எழுதுங்க சார்" என்றாள் முத்துராணி.

"ஒழிச்ச சீக்கு எப்படித் திரும்ப வரும்? அதுக்குப் படிவமே அடிக்கல. வேற சீக்கு ஏதாவது இருந்தாச் சொல்லுங்க, இப்பமே பதியுதேன். சொறி இருக்கா?"

சாலோமி அவர்களை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார். இருநூற்றிப் பத்து. அந்தக் கையோடு டாக்டர் அறைக்குள் போனார். முத்துராணியும் சங்கிலிபூதத்தானும் பின்னால் போனார்கள்; பிரஷர் பெட்டியும் கூடவே போனது. டாக்டர் பதறவில்லை. அறிவியல் முறைப்படி நடக்கிறவர் அவர்.

"குணமான மனிதருக்கு இருநூற்றிப் பத்து காட்டினால், தவறு மனிதரிடம் இருக்க முடியாது. கருவியில்தான் இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கலாம். எனக்குப் பாருங்கள்."

சட்டைக் கையை மடக்கி நீட்டினார். சாலோமி பார்த்தார். நூற்றி எழுபத்தெட்டுக்கு நூற்றி நாலு.

"பார்த்தீர்களா?" என்று டாக்டர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எனக்கே நூற்றி எழுபத்தெட்டு காட்டுகிறது. எனக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது. ஆகவே கருவி பழுது. இன்றைக்கே மதுரைக்கு அனுப்பிவிடுங்கள்."

கருவியை வைக்கோல் வைத்துக் கட்டி, பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஊரில் ஒருவருக்கும் பிரஷர் கூடவில்லை. அன்று சாயங்காலம் மருந்து இருப்பில் அட்டனலால் இரண்டு அட்டை குறைந்தது. சிவசைலம் டாக்டர் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதை 'எலி' என்று எழுதினார்.

சங்கிலிபூதத்தானுக்குப் படபடப்பு ஒரு வாரத்தில் தணிந்தது. தலைபாரம் மட்டும் இருந்தது. அதுவும் போகப்போகப் பழகிவிட்டது. பெட்டி பழுது என்று டாக்டரய்யா சொன்னதை அவர் ஷிப்டில் எல்லாருக்கும் சொன்னார். முத்துராணி சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமலிருந்து பார்த்தாள். ஒரு நாள் அவளே அம்பாசமுத்திரம் போய் மாத்திரை வாங்கி வந்து சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவர் அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

சித்திரை மாதம் பாராட்டு விழா. முற்றத்தில் மேடை, பந்தல், ஒலிபெருக்கி. சென்னையிலிருந்து இயக்குநர் வந்திருந்தார். போன மாதம்வரை மீன்வளத் துறையில் இருந்தவர். மாற்றலாகிச் சுகாதாரத்துக்கு வந்து நாலு வாரம் ஆகியிருந்தது. வரும்போது மருந்தகத்துக்கு அன்பளிப்பாகப் புத்தம்புதிய பிரஷர் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். பஞ்சாபகேசன் முக்கால் மணி நேரம் வரவேற்றார். பிறகு இயக்குநர் பேசினார்.

"எனக்கு முன்பு இந்தத் துறை தெரியாது. இப்போது தெரியும். மீன்பிடிப்பில் எத்தனை டன் என்று கேட்போம். இங்கே எத்தனை பேர் என்று கேட்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான். நூறு பேரைக் குணப்படுத்தியிருக்கிறீர்கள். நான் வாய்ப்பேச்சை நம்புகிறவன் இல்லை. குணமானவர் ஒருவரை மேடைக்கு அழையுங்கள். மக்கள் முன்னிலையில் பார்த்துவிடுவோம்."

இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. பஞ்சாபகேசன் திரும்பிப் பார்ப்பதற்குள் முன்வரிசையில் சலவை வேட்டியோடு உட்கார்ந்திருந்த சங்கிலிபூதத்தான் எழுந்துவிட்டார். டாக்டரய்யா பெயரைக் காப்பாற்ற அவருக்கு அது ஒரு வாய்ப்பாகப் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். சாலோமி பார்த்தார். ஒலிபெருக்கியை அவர் முன்னால் நகர்த்தினார்கள்.

"சொல்லுங்கள்" என்றார் இயக்குநர்.

சாலோமி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பந்தலின் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருநூத்தி இருபத்தாறு" என்றார் சாலோமி. "கீழ நூத்தி முப்பது."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"இதுவரைக்கும் பதினோரு மருந்தகம் பார்த்துவிட்டேன். எங்கேயும் நூற்றி முப்பதைத் தாண்டவில்லை. இங்கே இருநூற்றி இருபத்தாறு! டாக்டர் பஞ்சாபகேசன், மாநிலத்திலேயே நீங்கள்தான் முதல்!"

பஞ்சாபகேசனுக்கு அது தவறு என்று தெரியும். ஆனால் தவறு என்று சொன்னால், குணம் என்று சொன்னதும் தவறாகிவிடும். அவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு சிவசைலம் தட்டினார். பிறகு பந்தலே தட்டியது. வந்திருந்த குணமானவர்கள் தங்களுக்கும் பார்க்கச் சொல்லி எழுந்து நின்றார்கள். ஒருவர் இருநூற்றி ஐம்பது வாங்கிக் காட்டுகிறேன் என்றார்.

"சார், இவர இப்பமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்று சாலோமி சொன்னது ஒலிபெருக்கியில் விழவில்லை. அதற்குள் அதை நகர்த்திவிட்டார்கள்.

முதல் பரிசு எவர்சில்வர் குடம். இயக்குநர் நீட்டினார். சங்கிலிபூதத்தான் வலது கையை நீட்டினார். இடது கை வரவில்லை. அவர் அதைக் குனிந்து பார்த்தார், வேறு யாருடைய கையோ மடியில் கிடப்பதைப்போல. குடம் நழுவி மேடையில் விழுந்து உருண்டது. அவர் ஏதோ சொல்ல வந்தார். வாய் ஒரு பக்கமாகப் போயிற்று.

முத்துராணி எப்படி மேடை ஏறினாள் என்று யாரும் பார்க்கவில்லை. சாலோமி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்து இயக்குநரின் ஜீப்புக்குக் கொண்டு போனார்கள். சிவசைலம் குறுக்கே வந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. குணமான ஆள எந்தப் படிவத்துல வெளிய அனுப்ப—"

"ஏலே, வழிய விடுலே" என்றாள் முத்துராணி. முப்பது வருஷமாகச் 'சார்' தவிர வேறு சொல் கேட்டிராத சிவசைலம் வழியை விட்டார்.

பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். உயிர் தப்பியது. பேச்சு கொஞ்சம் குழறலாகத் திரும்பியது. இடது கையில் தோளுக்குக் கீழே அசைவு திரும்பவில்லை. இளவயது டாக்டர் ஒருத்தி மறுபடி மாத்திரை ஆரம்பித்தாள்.

"எப்பம்மா குணமாகும்?" என்று கேட்டாள் முத்துராணி.

"பிரஷர் குணமாகாதும்மா. அடங்கி இருக்கும். மாத்திரை போடுற வரைக்கும் அடங்கி இருக்கும். நல்லா இருக்கேன்னு தோணும்போதுதான் விடாமப் போடணும்."

இவ்வளவு எளிதான விஷயத்தை இவ்வளவு நாளும் ஒரு நர்ஸ் மட்டும்தான் சொன்னார் என்று முத்துராணிக்கு அழுகை வந்தது. கட்டிலில் சங்கிலிபூதத்தானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வலது கையால் இடது கையைத் தடவிக்கொண்டே, "ஜன்னல்ல வச்சேனே" என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் முத்துராணி மருந்தகத்துச் சுவருக்கு எதிரே நின்றாள். மீதித் தொண்ணூற்றொன்பது பேரின் பெயர்களும் பெரிய எழுத்தில் இருந்தன. விலாசம் தேட வேண்டிய வேலையில்லை, எல்லாம் மில்காரர்கள். தெருத் தெருவாகப் போனாள். இருபத்திரண்டாம் எண்காரர் தனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றார். "எங்க வீட்டு ஆளுக்கும் ஒண்ணும் செய்யல. வந்து பாரும்" என்றாள். அவர் வந்து பார்த்தார். சங்கிலிபூதத்தான் ஒரு கையால் சட்டைப் பொத்தான் போட முயன்றுகொண்டிருந்தார். பார்த்தவர் போய் நாலு பேரிடம் சொன்னார்.

திங்கட்கிழமை காலை எண்பத்துமூன்று பேர் மருந்தக முற்றத்தில் உட்கார்ந்தார்கள். மில்லில் கோஷம் போட்டுப் பழகியவர்கள். ஆனால் இதற்கு என்ன கோஷம் என்று முதலில் பிடிபடவில்லை. கடைசியில் முத்துராணிதான் ஆரம்பித்தாள்.

"எங்க சீக்க—"

"திருப்பிக் குடு!"

"குணம் எங்களுக்கு—"

"வேண்டாம்! வேண்டாம்!"

பஞ்சாபகேசன் வெளியே வந்தார். "அன்பர்களே! நோய் வேண்டும் என்று போராடுகிற ஜனங்களை உலக மருத்துவ வரலாற்றில் நான் கேள்விப்பட்டதில்லை."

"குணப்படுத்திக் கொல்லுத டாக்டர நாங்களும் கேள்விப்பட்டதில்லய்யா" என்றாள் முத்துராணி.

சாலோமி யாரையும் கேட்கவில்லை. விழாவுக்கு வந்த புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்பத்திரண்டு படியும் இறங்கி வந்து, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, ஒவ்வொருவராகப் பார்த்தார். எண்பத்துமூன்றில் எழுபத்தொரு பேருக்கு நூற்றி அறுபதுக்கு மேல். ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னார். இந்தத் தடவை ஒருவரும் கைதட்டவில்லை. டாக்டர் உள்ளே போய்ச் சென்னைக்கு டிரங்கால் போட்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. குணமானோர் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டபடியால் அதில் யாரையும் நீக்க இயலாது. ஆனால் புதிய நோயாளிகளைக் கண்டுபிடிக்கத் தடையேதுமில்லை. எனவே மேற்படி நபர்களைப் 'புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டோர்' என்று பதிந்து மாத்திரை வழங்கலாம். சிவசைலம் புதுப் பதிவேடு போட்டார். அறிகுறி கட்டத்தில், யாரையும் கேட்காமலே எல்லாருக்கும் 'தலைசுற்று' என்று எழுதினார்.

அந்த வருஷம் எங்கள் ஊர் மருந்தகத்துக்குக் குணப்படுத்தியதற்கும் கேடயம் கிடைத்தது, கண்டுபிடித்ததற்கும் கேடயம் கிடைத்தது. பஞ்சாபகேசன் பதவி உயர்ந்து சென்னைக்குப் போகிறார் என்று வழியனுப்பு விழா வைத்தார்கள். அதற்கு அழைக்கச் சிவசைலம் சங்கிலிபூதத்தான் வீட்டுக்கு வந்தார். காலை ஏழு மணி. மில்லில் கொடுத்திருந்த கேட் வேலைக்குக் கிளம்ப, சங்கிலிபூதத்தான் தண்ணீர்ச் செம்பை முழங்கால்களுக்கிடையில் வைத்து, வலது கையால் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"நீரு வந்து மேடையில ரெண்டு நிமிஷம் உக்காந்தாப் போதும்வே. புதுசாக் கண்டுபிடிச்சதுல முதல் ஆளு நீருதான். பொன்னாடை போடுதாங்க."

சங்கிலிபூதத்தான் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, உள்ளே போய்விட்டதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, பையச் சொன்னார்.

"வேண்டாம் சார். மேடையேறுனா சீக்கப் பிடுங்கிட்டு அனுப்பிருதீங்க. கஷ்டப்பட்டுத் திரும்ப வாங்குனது. அது எங்கிட்டயே இருக்கட்டும்."